அசன் முகம்மது வாசித்த பேப்பர்

எனக்கு எழுத்து தெரியாது. முப்பது வருஷமாக அசன் முகம்மது வாசித்துச் சொன்னதுதான் எனக்குப் பேப்பர். அவனைப் பற்றிச் சொல்வதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அவனிடம் வேறு விசேஷம் கிடையாது. டீ சுமாராகப் போடுவான். பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பெண்டாட்டி நூர்பானுவிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் கையில் பேப்பரை விரித்துவிட்டால் ஆளே வேறு.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து மில்லுக்குப் போகிற ரோட்டில் அவன் கடை. கடை வாசலில் என் வடைச்சட்டி. என்னைவிடப் பத்து வயது இளையவன், அதனால் எனக்கு அவன் 'ஏலே'தான். நான் அவனுக்கு வெள்ளையக்கா. என் பேர் வெள்ளைத்தாய்.

காலையில் ஆறு மணிக்கு மில்லில் ராத்திரி ஷிப்டு விடும். தலையில் பஞ்சு ஒட்டியபடி முப்பது நாற்பது பேர் கடைக்கு வருவார்கள். அசன் பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டு பேப்பரை வாசிப்பான். உட்கார்ந்து வாசிக்கவே மாட்டான், மரியாதைக் குறைவாம். முதலில் போலீஸ் செய்தி. ரேடியோவில் பேசுகிற மாதிரி குரலை மாற்றிக்கொள்வான். "தப்பி ஓட முயன்றபோது கழிவறையில் வழுக்கி விழுந்ததில் அவரது கை எலும்பு முறிந்தது. அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டு போடப்பட்டது."

மாவுக்கட்டு என்றதும் கடையே சிரிக்கும். மில் ஃபிட்டர் பால்சாமிக்கு அதில் தனி ருசி.

"பாய், போன வாரமும் ஒருத்தன் வழுக்கி விழுந்தான், இந்த வாரமும் ஒருத்தன் விழுதான். அந்தக் கக்கூஸைத் தேய்க்க ஒரு பிரஷ் வாங்கிக் குடுக்க நாதி இல்லையா?"

நானும் சிரித்திருக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறேன். அசன் மட்டும் சிரிக்க மாட்டான்.

"திருட்டுப்பயலுக்கு நீரு ஏன்யா பரிஞ்சு பேசுதீரு? பேப்பர்காரன் விசாரிக்காமலா போடுவான்? கண்டதைக் கண்டபடி எழுத அது என்ன கக்கூஸ் சுவரா?"

அவ்வளவு நம்பிக்கை. தெருவில் ஒரு சங்கதியை நூர்பானு கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். "பேப்பர்ல வந்துச்சா?" என்பான். "நான் என் ரெண்டு கண்ணால பாத்தேங்க" என்பாள். "நாளைக்குப் பேப்பர்ல வரட்டும், பாப்போம்."

இந்த நம்பிக்கையில் நானும் ஒரு தடவை அடிபட்டேன். பதினாலு வருஷம் முன்னால் என் வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டுச் செத்தார். 'குடிபோதையில் சாலையைக் கடந்த முதியவர் பலி' என்று பேப்பரில் வந்தது. அந்த மனுஷனுக்குப் பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, சாராய வாடை வந்தாலே வாந்தி எடுப்பார். லாரி முதலாளி ஸ்டேஷனில் சொன்னதை அப்படியே எழுதிவிட்டார்கள். பதினாறாம் நாள் கழித்து நான் அடுப்பைப் பற்றவைத்தபோது அசனிடம் கேட்டேன்.

"ஏலே, அவிய குடிப்பாவளா? நீ பாத்திருக்கியா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஒங்களுக்குத் தெரியாம என்னைக்காவது குடிச்சிருப்பாருக்கா. போட்டிருக்கான்ல."

சட்டியிலிருந்த எண்ணெயை அவன் மேல் ஊற்றாமல் விட்டது என் நல்ல குணம். ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் வயிறு இருக்கிறதே, போனேன். அன்றிலிருந்து அவன் வாசிப்பதைக் காதில் வாங்குவேன், நம்ப மாட்டேன். அது எனக்குப் பழகிவிட்டது. அவனுக்குத்தான் பழகவில்லை.

அவனுக்கு ஒரே பையன், முகமது ரியாஸ். இருபத்துமூன்று வயது. என்னைப் பெரியம்மா என்பான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டே போலீஸ் வேலைக்குப் படித்தான். பரீட்சையில் பாஸ். ஓட்டத்தில் பாஸ். கயிறு ஏறினான், அதிலும் பாஸ். மெடிக்கலும், ஊரில் வந்து ஆள் எப்படி என்று விசாரிப்பதும்தான் பாக்கி. அசன் அந்த ரிசல்ட் வந்த பேப்பரை மடித்துக் கல்லாவில் வைத்திருந்தான். நம்பர்தான் இருந்தது, பேர் இல்லை. அந்த நம்பரையே ஒவ்வொருத்தனுக்கும் காட்டினான்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தெருவில், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் செயினை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். காலை ஆறரை மணி. கேமராவில் கறுப்பு பைக் தெரிந்தது, முகம் தெரியவில்லை. ரியாஸிடம் இருப்பதும் கறுப்பு பைக். தினமும் அந்த வழியாகப் போகிறவன்.

நாலாம் நாள் போலீஸிலிருந்து போன். ஒரு விசாரணை, வந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப் போவதில்லை.

நூர்பானு கெஞ்சினாள். "என்னங்க, ஒரு வக்கீலைக் கூட்டிட்டுப் போங்க."

"தப்புப் பண்ணாதவனுக்கு எதுக்குடி வக்கீலு? நாளைக்கு அவனும் அந்த வேலைக்குத்தான போகப் போறான்?"

தன் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் பையனை அவனே கொண்டுபோய் விட்டான். செத்த நேரம் வெளியே இருங்க என்றார்கள். வெளியே இருந்தான். சாயங்காலம் வரை இருந்தான். மறுநாள் மத்தியானம் பெரியாஸ்பத்திரியில் வைத்துத்தான் பையனைக் காட்டினார்கள். இடது கையில் மாவுக்கட்டு.

நானும் நூர்பானுவும் போயிருந்தோம். ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் நின்றார். ரியாஸ் மெதுவாகச் சொன்னான். "நானும் போலீசுக்கு செலக்ட் ஆகியிருக்கேன் சார்னு சொன்னேன் பெரியம்மா. அதுக்கு ரெண்டு அடி கூட விழுந்துச்சு."

நான் அந்தப் போலீஸ்காரரிடம் கேட்டேன். "என்னய்யா, இவனும் கக்கூஸ்லதான் விழுந்தானா?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சம்பவம் நடந்த அன்று காலையில் ஆறரைக்கு ரியாஸ் எங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியும். என் அடுப்புக்கு சிலிண்டர் மாட்டிக்கொண்டிருந்தான். வாஷர் தேய்ந்து கேஸ் வாடை வந்தது, அதை அவன்தான் மாற்றினான். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த பத்துப் பேராவது பார்த்தார்கள். பால்சாமி அன்று, "போலீஸ்காரனை வச்சு சிலிண்டர் மாட்டுறவ நம்ம ஊர்ல நீ ஒருத்திதான்" என்று கிண்டல்கூட அடித்தான். இதை நான் ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். ஏட்டி, போய் வடையைச் சுடு என்றார்கள்.

அசன் அப்போதும் உடைந்து போகவில்லை. "பேப்பர்ல சொல்லுவோம்க்கா. பேப்பர்ல உண்மை வந்துருச்சுன்னா எல்லாம் மாறிரும்" என்றான்.

சூர்யபிரகாஷ் என்று ஒரு நிருபர். எங்கள் கடைக்குத் தினம் வருவான். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல பையன்தான், என் வடையில் சோம்பு குறைந்தால் கண்டுபிடித்துவிடுவான். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து அசன் ஒன்று விடாமல் சொன்னான். நானும் சொன்னேன், சிலிண்டர், வாஷர், மணி எல்லாம். அவன் சின்ன நோட்டில் எழுதினான். எழுதும்போது 'ம், ம்' என்று தலையாட்டினான். கடைசியில் கேட்டான்:

"பாய், தம்பி போட்டோ ஒண்ணு இருந்தாக் குடுங்க. நல்ல போட்டோவா."

அசன் வீட்டுக்கு ஓடினான். போலீஸ் வேலைக்கு அப்ளிகேஷன் போட எடுத்த போட்டோவைக் கொண்டுவந்தான். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டின முடி, விறைப்பான முகம். கையால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தான்.

"ஏலே, போட்டோ எதுக்குலே?" என்றேன்.

"முகத்தைப் பாத்தா ஜனங்களுக்குத் தெரியும்லக்கா, இவன் அந்த மாதிரிப் பையன் இல்லைன்னு."

அன்று சாயங்காலம் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். நாளைக்குப் பேப்பரில் வருகிறது, எல்லாரும் வந்து கேளுங்கள். ஷிப்டு இல்லாதவர்களும் மறுநாள் ஆறு மணிக்கு வந்து நின்றார்கள். எதிர்ச்சாரியில் ரொட்டிக் கடைக்காரன்கூட வந்தான். அசன் சட்டை மாற்றி, முகம் கழுவி, பாய்லர் பக்கத்தில் நின்று பேப்பரை விரித்தான். படம் பெரிதாகவே போட்டிருந்தது. அந்தப் படம் எனக்கு அடுப்பிலிருந்தே தெரிந்தது. அவன் முகம் மலர்ந்தது. ரேடியோக் குரலில் ஆரம்பித்தான்.

"செயின் பறிப்பு வாலிபர் கைது."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வேறு எவனாக இருந்தாலும் நிறுத்தியிருப்பான். முப்பது வருஷப் பழக்கம், ஆரம்பித்த செய்தியை அவன் பாதியில் விட்டதில்லை. கண் போன வழியில் வாய் போனது. "சந்தேகத்துக்கு இடமாக நின்றிருந்த ராஜபாளையம் டீக்கடைக்காரர் மகன் முகமது ரியாஸ், வயது இருபத்துமூன்று. முன்னுக்குப்பின் முரணாகப் பதில் அளித்தார். கிடுக்கிப்பிடி விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தப்பி ஓட முயன்றபோது..."

கழிவறை, வழுக்கி, எலும்பு, மாவுக்கட்டு, எல்லாவற்றையும் வாசித்தான். கடைசி வரி வரைக்கும் வாசித்தான். யாரும் சிரிக்கவில்லை. பால்சாமி தன் கிளாஸில் என்னமோ கிடக்கிற மாதிரி அதையே பார்த்தான்.

"நான் சொன்னது எங்கலே?" என்று கேட்டேன்.

அவன் பேப்பரைத் திருப்பினான். அடுத்த பக்கம் பார்த்தான். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான். "இல்லைக்கா" என்றான்.

கூட்டத்தில் ஒருத்தன், பேர் வேண்டாம், ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னான். "விடுங்க பாய், சேர்க்கை சரியில்லாம ஒங்களுக்குத் தெரியாமப் பண்ணியிருப்பான். வயசு அப்படி."

எல்லாரும் போன பிறகு, நான் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது அசன் பக்கத்தில் வந்து குத்தவைத்தான்.

"யக்கா, ஒங்க வீட்டுக்காரரு குடிக்க மாட்டாருதான?"

"இப்பத்தான் தெரிஞ்சுச்சாக்கும்?" என்றேன்.

சூர்யபிரகாஷ் அன்று டீக்கு வரவில்லை. மூன்றாம் நாள் பைக்கை ரோட்டிலேயே நிறுத்திப் பேசினான். நான் கரண்டியோடு போனேன்.

"நீ எழுதுனியா இல்லையாலே?"

"எழுதுனேன் ஆச்சி. சத்தியமா எழுதி அனுப்பினேன். ஆபீஸ்ல எடுத்துட்டாங்க. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்குற பிரஸ் நோட்டுல என்ன இருக்கோ அதைத்தான் போடுவாங்க."

"அப்பப் போட்டோவும் ஸ்டேஷன்லதான் குடுத்தாங்களாக்கும்?"

அவன் தலையைச் சொறிந்தான். "படம் இருந்தா மேட்டர் பெருசா வரும் ஆச்சி. நாளைக்கு நான் ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்கணும். அவங்க பேசலைன்னா எனக்கு நியூஸே கிடையாது. என் பொழப்பு ஒங்களுக்குத் தெரியாது."

அவனுக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், பிழைக்கத் தெரியாதவனிடம் போட்டோ வாங்கி இவன் பிழைத்திருக்க வேண்டாம்.

அதற்குள் செல்போனில் வேறொன்று சுற்றியது. ஏதோ டிவியில் வந்ததாம். நூர்பானுவின் தங்கச்சி மகள் அல்ஃபியா காட்டினாள். செயின் அறுத்தது இரண்டு பேர் என்று சொல்லிவிட்டு, ரியாஸ் பேரை மட்டும் சிவப்பில் பெரிதாகப் போட்டு, பின்னால் கூட்டம் இருக்கிறதா, வெளியூர்த் தொடர்பு இருக்கிறதா என்று ஒருத்தி கத்தினாள். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் வேண்டும் என்று அவள் கேட்டதாகவும் தெரியவில்லை.

வடை மடிக்க நான் பழைய பேப்பரைக் கிலோவில் வாங்குவேன். இருபது நாள் கழித்து வாங்கிய கட்டில் ரியாஸ் இருந்தான். எனக்கு எழுத்துதான் தெரியாது, அந்தப் பையன் முகம் தெரியாதா? ஒரு வடையை மடிக்கப் போனவள் நிறுத்தினேன். கட்டு முழுக்கப் புரட்டினேன். பதினோரு இடத்தில் அதே வெள்ளைச் சட்டை, அதே விறைப்பு. அசன் பார்க்காமல் எடுத்து அடுப்புத் தீயில் காட்டி எரித்தேன். எத்தனை ஊரில், எத்தனை கடையில், எந்தெந்த எண்ணெய்க் கையில் அவன் முகம் கசங்கியதோ, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஒன்றரை மாதத்தில் நிஜத் திருடர்கள் தேனிப் பக்கம் பிடிபட்டார்கள். அந்தச் செயினும் கிடைத்தது. அது பேப்பரில் நாலு வரி வந்தது. ஏற்கெனவே வேறொருவனைப் பிடித்துக் கையை உடைத்தோமே என்று அதில் ஒரு எழுத்து இல்லை. ஜாமீனில் இருந்த ரியாஸை அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விடுவித்தார்கள். நான் சாட்சி சொல்ல வேண்டிய வேலையே வரவில்லை. அசன் அந்தத் தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு பேப்பர் ஆபீஸுக்கு மூன்று தடவை போனான். முதல் தடவை ஆள் இல்லை. இரண்டாம் தடவை நகலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் தடவை, "பழைய மேட்டர் பாய், இதுல என்ன நியூஸ் இருக்கு?" என்று கேட்டார்களாம்.

கையும் நன்றாகக் கூடிவிட்டது. மெடிக்கலில் பாஸ். பாக்கி இருந்தது ஊரில் வந்து விசாரிப்பது ஒன்றுதான்.

அதற்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். வ. புதுப்பட்டிக்காரர், பேர் உக்கிரபாண்டி. அதட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஃபைலைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே முதல் தாளில் அந்தப் பேப்பர் துண்டு குத்தியிருந்தது. வெள்ளைச் சட்டை.

"அந்தப் போட்டோ நான் குடுத்தது சார்" என்றான் அசன். "என் பையன் குத்தம் பண்ணலைன்னு எழுதத்தான் குடுத்தேன்."

"அது இதுல இல்லையே பாய்."

தீர்ப்பு நகலைக் கொடுத்தான். அதையும் வாங்கி அடியில் வைத்தார். அப்புறம் கடையில் இருந்தவர்களை விசாரித்தார். பால்சாமியைக் கேட்டார். என் அடுப்புக்கு முன்னால் நின்று ரியாஸைக் கிண்டல் அடித்த அதே பால்சாமிக்கு, காக்கிச் சட்டையைப் பார்த்ததும் நாக்கு உள்ளே போய்விட்டது.

"பேப்பர்ல வந்துச்சு சார்... மத்தபடி பையன் தங்கமான பையன்."

முதல் பாதியை அவர் எழுதினார். கையெழுத்து வாங்கினார். ரொட்டிக் கடைக்காரனும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டான். பிறகு என்னிடம் வந்தார். நான் சிலிண்டரிலிருந்து ஆரம்பித்தேன். வாஷர், மணி, மில் ஆட்கள், ஒன்று விடவில்லை. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டு மைப்பெட்டியைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

"ரேகை வைங்க ஆச்சி."

"நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கீரா?"

"ஆமா ஆச்சி."

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஏலே அசனு, இதை வாசி."

அவன் வரமாட்டேன் என்று தலையாட்டினான். ஆறு மாதமாக அவன் எதையும் வாய்விட்டு வாசித்ததில்லை. பேப்பர் போடுகிறவனை வராதே என்று சொல்லிவிட்டான். "வாசிலே" என்று ஒரு அதட்டல் போட்டேன். வாங்கி, உட்கார்ந்துகொண்டு, செத்த குரலில் வாசித்தான்.

"அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், மேற்படி நபர் செயின் பறிப்பு வழக்கில் கைதாகிப் பின்னர் விடுவிக்கப்பட்டவர் என்பதும், இது குறித்து நாளிதழில் செய்தி வெளிவந்துள்ளது என்பதும் தெரியவருகிறது."

"அப்புறம்?"

"அம்புட்டுதான்க்கா."

"எம்புட்டு நேரமாக் கத்துனேன், என் சிலிண்டரு எங்கய்யா?"

உக்கிரபாண்டிக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. "அதெல்லாம் கேஸு விஷயம் ஆச்சி. அது கோர்ட்டுல முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சுன்னா இந்தப் பேப்பர் துண்டு மட்டும் முடியாம ஏன்யா ஃபைல்ல உக்காந்திருக்கு?"

"அது ஏற்கெனவே ஃபைல்ல இருக்கது. நான் கிழிச்சா என் வேலை போயிரும்."

என் கையைப் பிடிக்க வந்தார். நான் பெருவிரலோடு கையை வடை மாவுக்குள் முழங்கை வரைக்கும் விட்டுக்கொண்டேன்.

"ஒங்க ரேகை இல்லைன்னாலும் ஃபைல் போயிரும் ஆச்சி. ரெண்டு பேரு போட்டாச்சு."

"போகட்டும். நான் சொன்னதாப் போகாதுல்ல."

அவர் மைப்பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தார். டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

நாற்பது நாளில் தபால் வந்தது. கடைக்குத்தான் வந்தது. நூர்பானு அசனிடம் கொடுத்து, "என்ன போட்டிருக்கு, வாசிங்களேன்" என்றாள். "எனக்குக் கண்ணு தெரியலை" என்று அவன் பையனிடம் நீட்டினான். ரியாஸ் நின்றபடியே மனசுக்குள் படித்தான். இரண்டே வரிதான் இருக்கும், அதற்குள் முடித்துவிட்டான்.

"இல்லைன்னுட்டாங்க அத்தா."

செல்போன் கடையில் அவன் இடத்துக்கு எப்போதோ வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை கோட்டயம் பஸ்ஸில் ஏறினான். அங்கே ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்குகிறான்.

இப்போது அசன் கடையில் காலையில் ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் எதிரே இன்னொரு டீக்கடைக்குப் போகிறார்கள், அங்கே டிவி வைத்திருக்கிறான். நான் இங்கேயே இருக்கிறேன். பாசம் என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே ஏற்கெனவே ஒருத்தி வடை போடுகிறாள். பால்சாமி மட்டும் இன்னும் இங்கே வருகிறான். டீயை வாங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்று குடித்துவிட்டுப் போகிறான். அசன் அவனுக்கும் டீ ஆற்றிக் கொடுக்கிறான், சர்க்கரை எவ்வளவு என்று முன்னெல்லாம் கேட்பான், இப்போது அதுகூடக் கேட்பதில்லை.